மழை குறைந்த ஊரில் இரும்பைத் தின்பது எது?

துரு என்றாலே அது கடற்கரை ஊர்க்காரர்களின் கவலை என்ற எண்ணம் திண்டுக்கல் சமவெளியில் பலருக்கு உண்டு. கடல் எட்டத்தில் இருக்கிறது. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துவிடுகிறது. மற்ற மாதங்களில் மண்ணும் காற்றும் காய்ந்து கிடக்கின்றன. அப்படியிருந்தும் இங்கே மண்வெட்டி சீக்கிரமே இலை இலையாக உதிர்கிறது. சாமான் அறையின் தகரக் கதவு மேலே புதிதுபோல இருக்க, கீழே ஒரு முழ உயரத்துக்கு மட்டும் சல்லடையாகிப் போகிறது.

அந்தக் கதவை உற்றுப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். உர மூட்டை சாய்ந்திருந்த உயரம் வரைதான் துரு ஏறியிருக்கும்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் வேண்டும். உப்பு சேர்ந்தால் வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். யூரியா, பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட் எல்லாமே காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து நீர்விடும் சரக்குகள். பொட்டாஷ் என்று நாம் வாங்கும் மியூரேட் ஆஃப் பொட்டாஷில் இருப்பது குளோரைடு. சமையல் உப்பில் இருப்பதும் அதேதான். யூரியாவும் பொட்டாஷும் தனித்தனியே இருக்கும்போது தாங்கும் ஈரத்தை, இரண்டையும் கலந்து வைத்தால் தாங்குவதில்லை. சீக்கிரமே கசிய ஆரம்பிக்கும். வயலுக்குக் கலந்த உரத்தில் மிச்சத்தை அப்படியே சட்டியில் வைத்துவிடும் வீடுகளில் சட்டியும் போகும், பக்கத்தில் சாத்திய கடப்பாரையும் போகும். வெளியே வெயில் கொளுத்தினாலும், இரவுக் குளிரில் அறைக்குள் ஏறும் ஈரமே இதற்குப் போதும்.

அடுத்த காரணம் தண்ணீர். வேலை முடிந்ததும் மண்வெட்டியைக் கழுவும் நல்ல பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதுதான் கேள்வி. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள தோல் பதனிடும் தொழிற்சாலைகளால் கிணறுகள் உப்பாகிப்போன கதை ஊரறிந்தது. தமிழகத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் வழங்கிய தீர்ப்பில் திண்டுக்கல்லும் வருகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்ததாக ஒரு தொண்டு நிறுவனம் கண்டறிந்ததை அந்தத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது. தோல் பதனிடும் கழிவு எட்டாத இடங்களிலும் ஆழ்குழாய் நீர் உவர்ப்பாக இருப்பது உண்டு. அப்படிப்பட்ட நீரில் கழுவி ஈரத்தோடு மூலையில் சாத்தினால், நீர் காய்ந்து உப்பு மட்டும் இரும்பின் மேல் தங்கிவிடும். கழுவாமல் விட்டதைவிட அது மோசம்.

இந்த உப்பு நீர் மண்வெட்டியோடு நிற்பதில்லை. வீடு கட்டும்போது அதே தண்ணீரில்தான் காங்கிரீட் கலக்கிறோம். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள நீர் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 456) சொல்கிறது. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் ஊதும். துரு, அது உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் சில வீடுகளில் கூரையின் அடிப்பூச்சு தட்டுத் தட்டாகப் பெயர்ந்து விழுகிறது. கொத்தனார் மேல் பழி போடுவதற்கு முன், கட்டிய தண்ணீரை நினைத்துப் பார்க்க வேண்டும். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே ஒரு பாட்டில் நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, குளோரைடு எவ்வளவு என்று கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

சின்னாளபட்டி, வெள்ளோடு, ஜாதிக்கவுண்டன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சை போட்டிருப்பவர்களுக்கு இன்னொரு வகைத் துருவும் தெரியும். அடிச்சாம்பல் நோய்க்கு ஒரு சதவீத போர்டோ கலவை அடிக்கிறார்கள்: ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியே கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். இதை இரும்பு டிரம்மில் செய்யவே கூடாது. மயில்துத்தத்தில் இருக்கும் செம்பு இரும்பின் மேல் படியும். அதற்கு ஈடாக இரும்பு கரைந்து வெளியேறும். கலவை சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும் இதுவேதான் சோதனை. தேய்த்துப் பளபளப்பாக்கிய அரிவாளைக் கலவையில் சிறிது நேரம் முக்கி எடுத்தால் போதும். செம்பழுப்பாக ஏதாவது படிந்திருந்தால் சுண்ணாம்பு பற்றவில்லை. அந்தக் கலவையை அப்படியே அடித்தால் இலை கருகும். பந்தல் கம்பியின் துத்தநாகப் பூச்சும் அரிபடும்.

பந்தலுக்குக் கட்டும் ஜி.ஐ. கம்பியின் உயிர் அந்தத் துத்தநாகத்தில்தான் இருக்கிறது. துத்தநாகம் முதலில் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். அது தீர்ந்த பிறகு இரும்பின் முறை வரும். கம்பியைக் கட்ட மோட்டார் சுற்றிலிருந்து பிரித்த செம்புக் கம்பியைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஈரம் பட்டால் அந்த முடிச்சில்தான் முதலில் அரிக்கும். காய் பாரம் ஏறிய நேரத்தில் ஒரு முடிச்சு விட்டால் என்ன ஆகும் என்பதைத் திராட்சைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஏறிய துருவை எடுப்பது கடினமல்ல. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். பெயரில் மட்டும்தான் உப்பு. அரிவாள், சுளுக்கி, கொத்து போன்றவற்றைப் புளிக்கரைசலில் ஓர் இரவு ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தாலும் துரு விடும். புளிப்பு இரும்பையும் தின்னும் என்பதால், பிறகு சாம்பல் போட்டுத் தேய்த்து, மழைநீர் அல்லது குடிநீரில் அலசி, வெயிலில் காய வைக்க வேண்டும். சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவிவிட வேண்டும். வீட்டுத் தோசைக்கல்லைப் பாருங்கள். தினமும் எண்ணெய் பட்டுச் சூட்டில் இறுகிய மெல்லிய படலம்தான் அதைக் காக்கிறது. சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்த மறுநாளே அது செம்மையேறிவிடும்.

டிராக்டரிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலைக் கலப்பைக் கொழுவுக்குத் தடவுவது பரவலான வழக்கம். துரு நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் தானியம் படும் குதிர், முறம், தீவனத் தொட்டி, கறவைப் பாத்திரம் எதிலும் அது படக்கூடாது. அவற்றுக்கு விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ போதும். தகர நெல் குதிரில் அடியில் செங்கல் அல்லது பலகை கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி வைத்தாலே பாதி ஆபத்து தீரும். ஊசி முனை ஓட்டை விழுந்தாலும் அந்துப்பூச்சிக்கு அது வாசல்.

துருப்பிடித்த ஆணி குத்தினால் ரணஜன்னி வரும் என்று பயப்படுகிறோம். அந்தக் கிருமி வாழும் இடம் துரு அல்ல, மண்ணும் சாணமும்தான். ஆகவே பளபளக்கும் புது மண்வெட்டி காலில் பட்டாலும் காயத்தைக் கழுவி, தடுப்பூசி போட்டுக்கொள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டியதுதான்.

கடைசியாக, 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பூட்டு. நல்ல திண்டுக்கல் பூட்டுக்குள் இருப்பவை பித்தளை லீவர்கள். பித்தளை துருப்பிடிக்காது என்று நம்பி அதை மாட்டுக்கொட்டகைக் கதவில் தொங்கவிடுகிறோம். பித்தளைக்கு வேறு எமன் உண்டு. அது மாட்டு மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலங்களில் குதிரை லாயத்தில் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் தாமாகவே வெடிப்பு விட்டன. லாயத்து அமோனியாதான் காரணம் என்பது பிற்பாடு, 1921-ல் தெளிவானது. கொட்டகைக்குச் சாதாரண இரும்புத் தாழ்ப்பாள் போதும். நல்ல பூட்டை வீட்டு வாசலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பூட்டு இறுகினால் தேங்காயெண்ணெய் விடாதீர்கள். நம் ஊர்ப் புழுதி அதோடு சேர்ந்து களியாகிவிடும். மண்ணெண்ணெய் விட்டுச் சாவியை நாலைந்து முறை திருப்பி அழுக்கை வடியவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும். வாசலில் தொங்கும் பூட்டாக இருந்தால், பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சாவித் துளைக்கு மேல் மறைப்பாகக் கட்டிவிடுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் செய்தால் நல்லது.