உங்களுக்குத் தெரியுமா? காது வழி வந்த வேதம்

காவிரிப் படுகையின் கடலோரத் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-லேயே அச்சாகிவிட்டது. ஆனால் எழுத்தறியாதவர்கள் வேதத்தைக் காதால்தானே கேட்டாக வேண்டும்? அதற்கென்றே வாய்த்தவர் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர்; பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் அதே ஐயரின் மாணவர்தான். காலட்சேப பாணியில் ராகமும் தாளமுமாக வேதக் கதைகளைப் பாடினார். அவருடைய ‘பெத்லகேம் குறவஞ்சி’யின் நாயகி தேவமோகினி. குறி சொல்லும் குறத்தியாக ஒரு சிங்கியும் உண்டு. போதாததற்கு, சூரியனைக் கோள்கள் சுற்றிவரும் கோப்பர்னிக்கஸ் கணக்கும் உள்ளே நுழைந்துவிடுகிறது! இன்றும் ஆலயத்திலும் வீட்டு ஜெபத்திலும் பாடும் கீர்த்தனைகளில் பல அவர் இயற்றியவை; இயற்றியவர் பெயர் தெரியாமலே மனப்பாடமாகப் பாடுகிறவர்களும் உண்டு.