கிணற்று நீரும் முன்னோர் அறிவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஆயினும் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் அங்கே செழித்து விளைகின்றன. இஃது எவ்வாறு இயன்றது?

விடை நிலத்தின் கீழே இருக்கின்றது. வடகீழ்ப் பருவமழை சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. மேலே அந்த 1 அடி குறைந்தால், நாளடைவில் கீழே 40 அடி உவர் ஏறிவிடும். புத்தூர்ப் பகுதியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் அடிநீர் உவராகவும் இருப்பதைக் காணலாம்.

நம் முன்னோர் இக்கணக்கை அறியார். ஆனால் அதற்கு இசைய வாழ்ந்தனர். வயல்வரம்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கினர். கோடையிலே குளத்தைத் தூர்வாரி, அந்த வண்டலை வயலுக்கு இட்டனர். ஒருவர் துலா மிதிக்க, மற்றொருவர் பட்டையால் இறைத்தார். மனித உழைப்பே இறைப்புக்கு எல்லையாக இருந்தமையால், கிணறு மீண்டும் ஊறுதற்கு அவகாசம் கிடைத்தது. இயந்திரம் வந்தபின் அந்த எல்லை அகன்றது. கரையோரக் கிணறுகள் பல உவர்க்கலாயின. இனிக் கடல்மட்டம் உயருமாயின், இந்த நன்னீர்ப் படை மேலும் மெலியும்.

காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு, 2014இல் நிறைவுசெய்த ஐந்தாவது மதிப்பீட்டிலே, மரபறிவு பெருந்துணையாகும் என்றும், அஃது ஒழுங்காகப் பயன்படுத்தப்படவில்லை என்றும் கூறிற்று. 2015இல் எழுந்த பாரிஸ் உடன்படிக்கையின் 7ஆவது பிரிவும், சிறந்த விஞ்ஞானத்தோடு மரபறிவையும் உள்ளூர் அறிவையும் ஏற்ற இடத்தில் கொள்ளுமாறு வேண்டுகின்றது.

இதனாற் பழையன எல்லாம் சரியென்று கொள்ளலாகாது. மழையின் பருவம் மாறினால், பழைய குறிகளும் பிழைக்கக்கூடும். ஆகவே இரண்டையும் ஒப்புநோக்க வேண்டும். உலகளாவிய கணிப்பு ஒரு தோட்டக் கிணற்றைத் தனித்துக் காணாது. எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கின்றது என்பதைத் தோட்டக்காரரே அறிவார். அவர் கூறுவதை ஊர்தோறும் எழுதி வைத்து, நீர்மட்ட அளவுகளோடு பொருத்திப் பார்த்தபின் திட்டம் வகுப்பதே முறை.

முதியோர் மறைந்தால் அவ்வறிவும் மறையும். உவர் ஏறிய கிணற்றை மீட்பதற்கோ நெடுங்காலம் வேண்டும். கேட்கவேண்டியவற்றை இன்றே கேட்போமாக.