விளையாட்டில் வழக்குத் தீர்த்தல்

உடலுக்கு உணவு இன்றியமையாதது. உள்ளத்திற்கு விளையாட்டு இன்றியமையாதது. ஆயினும், சோற்றிடையே கல் அகப்பட்டால் உண்ணும் இன்பம் கெடுதல்போல, விளையாட்டிடையே பூசல் புகுந்தால் ஆடும் இன்பம் கெடும். பூசல் எழாத விளையாட்டு உலகில் இல்லை. எழுந்த பூசலைத் தீர்க்கும் வகை அறிந்தவர் நட்பைக் காத்துக்கொள்வர்; அறியாதவர் ஆட்டத்தையும் இழப்பர்; நண்பரையும் இழப்பர். இதனை யான் நூலிற் கற்றிலேன், பட்டறிந்தேன்.

மதுரையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் திருவில்லிபுத்தூர். பதினொரு நிலைகளுடன் ஓங்கி நிற்கும் அதன் கோபுரத்தை அண்மையிலிருந்து நாள்தோறும் கண்டு வளர்ந்தவன் யான். எங்கள் தெருவில் திண்ணை இல்லாத வீடு அந்நாளில் இல்லை. விளையாட்டு நிகழாத திண்ணையும் இல்லை. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் எதிர்த்து நிற்கும் ஆடுபுலி ஆட்டம் ஒரு திண்ணையில் நடைபெறும். பதினான்கு குழிகளில் புளியங்கொட்டையையோ சோழியையோ இட்டு ஆடும் பல்லாங்குழி மற்றொரு திண்ணையில் நடைபெறும். எங்கள் வீட்டுத் திண்ணை தாயத்திற்கு உரியது.

தாயக்கட்டைகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நெடிய பக்கங்கள் நான்கு. ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள் பொறித்த பக்கங்கள் மூன்று. வெறும் பக்கம் ஒன்று. ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் அது தாயம். இரண்டிலும் வெறுமையே விழுந்தால் பன்னிரண்டு. தாயம் விழுந்தாலன்றிக் காய் களத்தில் இறங்காது.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கோடை விடுமுறையில், யானும் என் உற்ற நண்பன் ஒருவனும் அத்திண்ணையில் தாயம் ஆடினோம். அவன் காய்களை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டி வெளியேற்றிவிட்டேன். அவன் உருட்டிய கட்டைகளில் ஒன்று வெறுமை காட்டிக் கிடந்தது. மற்றொன்று சுவரில் சாய்ந்து, ஒன்றைக் காட்டியவாறு நின்றது. “தாயம்!” என்றான் அவன். “சாய்ந்த கட்டை செல்லாது” என்றேன் யான். “எங்கள் வீட்டில் செல்லும்” என்றான் அவன். “இது எங்கள் வீடு” என்றேன் யான். அவன் எழுந்து சென்றான். மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. அவ்வாண்டே அவன் குடும்பம் வேற்றூருக்குக் குடிபெயர்ந்தது. விதி என் பக்கம் இருந்தது. ஆட்டத்தையும் யானே வென்றேன். ஆனால் என்னுடன் ஆடுவாரை இழந்தேன்.

மாணவர்களே! இப்பூசல் எதனால் விளைந்தது என்பதைச் சற்றே ஆராய்வோம். எங்கள் இருவருள் எவரும் பொய் கூறவில்லை. தாயம் போன்ற ஆட்டங்களுக்கு எழுதிவைத்த சட்டம் இல்லை. தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு வழக்கம் வேறுபடும். பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு முத்துகள் சேர்ந்தால் அதனைப் ‘பசு’ என்பர். அப்பசு எவரைச் சேரும் என்பதிலேயே இல்லந்தோறும் கருத்து வேற்றுமை உண்டு. எனவே, ஆட்டப் பூசலுக்கு முதற்காரணம், விதியை முன்னரே பேசி வைத்துக்கொள்ளாமை. இரண்டாவது காரணம், எவ்வளவு பேசி வைத்தாலும் எதிர்பாராத நிலை ஒன்று ஆட்டத்திடையே தோன்றுதல். மூன்றாவது காரணம், வெல்லவேண்டும் என்னும் வேட்கை மிகுந்து, விதியைத் தமக்கு ஏற்றவாறு வளைத்தல். முதல் இரண்டும் அறியாமையால் வருவன. மூன்றாவது மனக்கோட்டத்தால் வருவது. இவற்றை ஒன்றெனக் கருதுதல் ஆகாது.

விதி பற்றிய ஐயத்தைத் தீர்க்காது விடுவதால் விளையும் கேட்டுக்குப் பாரதமே சான்று. துரியோதனன் பணயம் வைப்பான். அவனுக்காகச் சகுனி காய் உருட்டுவான் என்றபோது, ஒருவருக்காக மற்றொருவர் ஆடுதல் முறையோ எனத் தருமன் ஐயுற்றான். ஆயினும் அவ்வையம் தீருமுன்னரே ஆடத் தொடங்கினான். பின்னர்த் தன்னையும் தோற்று, அதன்பின் பாஞ்சாலியையும் பணயமாக வைத்துத் தோற்றான். தன்னைத் தோற்றுவிட்ட ஒருவருக்கு மற்றொருவரைப் பணயம் வைக்கும் உரிமை உண்டோ எனப் பாஞ்சாலி அவையினரை வினவினாள். வீடுமர் முதலிய முதியோர் பலர் அங்கு இருந்தனர். எனினும் அவ்வினாவுக்கு அவை தெளிந்த விடை கூறவில்லை. கேட்கவேண்டியதை உரிய வேளையில் அழுத்திக் கேளாமையும், கேட்டபோது விடை கூறவேண்டியவர் கூறாமையும் சேர்ந்து பெரும்போருக்கு வித்தாயின. நடுவர் வாய்திறவாத களத்தில் வலியவர் சொல்லே விதியாகிவிடும்.

இனி, விதியைப் பற்றி வழக்காடாமல், ஆட்டத்தையே குலைப்பவர் சிலர் உண்டு. அவர்களையும் தமிழ் இலக்கியம் நன்கு அறியும். சிறுமியர் மணலில் சிறு வீடு கட்டி, சிறுசோறு சமைத்து விளையாடுவர். அவ்வீட்டிற்குச் சிற்றில் என்று பெயர். அதனை ஒரு சிறுவன் ஓடிவந்து காலால் சிதைப்பான். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றிற்பருவம் என ஒன்றையே இதற்கெனப் புலவர் வகுத்தனர்.

திருவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழி 143 பாடல்களைக் கொண்டது. அதன் இரண்டாம் திருமொழி முழுவதும், எம் சிற்றிலைச் சிதையாதே எனக் கண்ணனை நோக்கி ஆயர் சிறுமியர் வேண்டும் வேண்டுகோளாகவே அமைந்துள்ளது. அச்சிறுமியர் செய்வதை உற்று நோக்குங்கள். அவர்கள் அவனை அடிக்கவில்லை. ஆட்டத்தை விட்டு ஓடிவிடவும் இல்லை. பகலெல்லாம் குனிந்திருந்து தாம் பட்ட பாட்டை எடுத்துரைக்கின்றனர். அவன் செயலால் தமக்கு நேரும் துன்பத்தை மறையாது கூறுகின்றனர். அவன் பெருமையையும் உடன் நினைவூட்டுகின்றனர். குலைப்பவனிடம் பேசும் முறைக்கு இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ?

ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாடல்களுக்கும் உரை கண்ட ஆன்றோர் மற்றொரு செய்தியும் கூறுவர். ஆண்டாள் திருவில்லிபுத்தூரையே ஆயர்பாடியாகவும், தோழியரையே ஆய்ச்சியராகவும், தன்னையும் அவர்களுள் ஒருத்தியாகவும் பாவித்துப் பாடினாள் என்பது அச்செய்தி. அவளுக்கு அது பத்தி. எனினும், தான் வேறொருவராகத் தன்னை எண்ணிக்கொள்ளும் ஆற்றல் மனிதர் அனைவருக்கும் உண்டு. அவ்வாற்றலே பல ஆட்டங்களுக்கு வேராகும்.

அவ்வேரிலிருந்து கிளைத்த புதிய ஆட்டம் ஒன்றினை அண்மையில் கண்டேன். திருவில்லிபுத்தூரிலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இராசபாளையம். பஞ்சாலைகளாலும், வெண்ணிற வேட்டை நாய்களாலும் பெயர் பெற்ற அவ்வூரில் என் மகள் வாழ்கின்றாள். அங்குச் சென்றிருந்தபோது, என் பேத்தியும் அவளுடைய நண்பர் நால்வரும் மேசையைச் சுற்றி அமர்ந்து வேடமேற்றுக் கதை ஆடிக்கொண்டிருந்தனர். இவ்வகை ஆட்டங்களுள் முதன்முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பதாகும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் அதனை 1974-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இவ்வாட்டத்தின் இயல்பு வருமாறு: ஒருவர் கதை நடத்துநர். ஏனையோர் வீரன், மருத்துவன், திருடன் என ஒவ்வொரு வேடம் ஏற்பர். நடத்துநர் ஒரு நிலைமையை விரித்துரைப்பார். ஒவ்வொருவரும், தம் வேடத்தார் அந்நிலையில் என்ன செய்வார் என்பதைக் கூறுவர். செயல் முடியுமோ முடியாதோ என்னும் ஐயம் எழுந்தால் 20 முகங்களையுடைய பகடையை உருட்டி முடிவு காண்பர். விதிநூல் உண்டு. ஆயினும் மனிதர் கற்பனை செல்லும் இடமெல்லாம் நூல் செல்ல இயலாது. ஆதலால் நடத்துநரே நடுவருமாவார். இங்கு ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பதில்லை. அனைவரும் சேர்ந்து ஒரு கதையை வளர்க்கின்றனர். ஆகவே ஒருவர் குலைத்தால் அனைவருக்கும் இழப்பு.

அன்று அவர்கள் கதை மலைக்காடு ஒன்றில் நிகழ்ந்தது. காயமுற்ற தோழி ஒருத்தியைக் காக்க மூலிகை ஒன்றை அரிதின் தேடிக் கொணர்ந்தனர். அதனைத் திருடன் வேடம் ஏற்ற சிறுவன் இரவோடு இரவாகக் களவாடினான். அத்தோழியின் வேடம் ஏற்றிருந்த சிறுமி கண்கலங்கினாள். “ஏன் இவ்வாறு செய்தாய்?” என ஏனையோர் சினந்தனர். “நான் திருடன், திருடுவது என் வேடத்தின் இயல்பு” என்றான் அவன். மற்றொரு சிறுவன் விதிநூலைப் புரட்டி, “உறங்குவோரிடம் திருடவும் பகடை உருட்டவேண்டும், இக்களவு செல்லாது” என வாதிட்டான். குரல்கள் உயர்ந்தன. என் உள்ளத்தில் பழைய திண்ணை தோன்றியது.

என் பேத்தி கையை உயர்த்தினாள். “நூலை ஆட்டம் முடிந்தபின் அனைவரும் சேர்ந்து பார்ப்போம். இப்போதைக்குப் பகடை உருட்டட்டும், இன்று முழுதும் இதுவே விதி” என்றாள். உருட்டினான், களவு பலிக்கவில்லை. பின்னர், “சற்றே நீர் அருந்திவிட்டு வருவோம்” என்று கூறி ஆட்டத்தை நிறுத்தினாள். அச்சிறுவனைத் தனியே முற்றத்திற்கு அழைத்துச் சென்றாள். யான் அங்கேதான் அமர்ந்திருந்தேன்.

“திருடன் திருடினான் என்கிறாய். திருடனைத் திருடச் சொன்னவன் யார்?” என்று அவள் அமைதியாகக் கேட்டாள்.

அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “மூன்று வாரமாக என் முறை வரும்போதெல்லாம் வேறு யாராவது பேசிவிடுகிறார்கள். நானும் இருக்கிறேன் என்று எப்படிக் காட்டுவது?” என்றான்.

“அது என் பிழை. முறை தவறாமல் கேட்பது நடத்துநரின் கடமை, இனித் தவறமாட்டேன். ஆனால் அவளை அழவைத்தது உன் பிழை” என்றாள் அவள். அவன் உள்ளே சென்று அச்சிறுமியிடம் வருத்தம் தெரிவித்தான். கதை மீண்டும் தொடங்கியது. பூட்டிய குகைக் கதவு ஒன்று வழியில் தோன்றியது. அதனைத் திறக்கும் திறம் திருடனுக்கே உண்டு. அவன் திறந்தான், அனைவரும் ஆரவாரித்தனர்.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் அறிவன பல. ஆடத் தொடங்குமுன் விதிகளையும், எவை விளையாட்டாகா என்பதையும் பேசி உடன்படுதல் வேண்டும். ஐயம் எழுந்தால் நடுவர் விரைந்து ஒரு முடிவு கூறவேண்டும். ஆராய்ச்சியை ஆட்டத்தின் பின் வைத்துக்கொள்ளலாம். கூறிய முடிவு அனைவருக்கும் ஒருபடித்தாய் இருத்தல் வேண்டும். குலைப்பவரைப் பலர் முன் இகழாமல் தனியே அழைத்துக் காரணம் கேட்டல் வேண்டும். வேடத்தின்மேல் பழியைப் போட்டு வேடதாரி தப்புதல் கூடாது. இவ்வளவும் செய்தபின்னும் ஒருவர் பிறரை வேண்டுமென்றே நோகச் செய்வாராயின், அவரைச் சிறிது காலம் விலகியிருக்கச் சொல்வதே முறை. ஒருவர் மனம் புண்படாதிருக்க நால்வரை நாள்தோறும் புண்படுத்துதல் அருளாகாது.

பெரிய ஆட்டங்களிலும் இம்முறைகளே வழங்குகின்றன. கிரிக்கெட்டில், எதிரணியினர் முறையிட்டாலன்றி, ஆட்டக்காரர் ஆட்டமிழந்தார் என நடுவர் அறிவிப்பதில்லை. ஐயத்தைக் கேட்பது ஆடுவோர் கடன். விடை கூறுவது நடுவர் கடன். சதுரங்கப் போட்டியில் ஐயம் எழுந்தால், ஆடுவோர் தாமே வாதிட்டுப் பொழுது போக்காமல், கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைக்கலாம். 2022-ஆம் ஆண்டில் நம் மாமல்லபுரத்தில் உலக நாடுகளின் சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றது. வெவ்வேறு மொழி பேசுவோர் ஓரிடத்தில் அமர்ந்து ஆட முடிந்தது, விதியும் நடுவரும் அனைவருக்கும் பொதுவாக இருந்தமையாலன்றோ?

அன்று மாலை திருவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் திரும்பும்போது என் நண்பனை நினைத்துக்கொண்டேன். சாய்ந்த கட்டை செல்லுமோ செல்லாதோ, இன்றும் இல்லந்தோறும் விடை வேறுபடும். “மீண்டும் ஒருமுறை உருட்டு” என்று யான் கூறியிருக்கலாம். அவன் காய்கள் அனைத்தும் வெட்டுண்டு கிடந்தன. அத்தாயம் அவனுக்கு எத்துணைத் தேவை என்பதையேனும் எண்ணியிருக்கலாம். இரண்டும் செய்திலேன்.

மாணவர்களே! நீங்கள் திண்ணையில் ஆடினும், திடலில் ஆடினும், மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடினும், நாளையும் அதே நண்பர் உங்களுடன் ஆட வரவேண்டும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். நாளை நீங்கள் ஊராட்சியிலும் மன்றங்களிலும் அமர்ந்து பெரிய வழக்குகளைத் தீர்க்கவேண்டியவர்கள். அதற்கு வேண்டிய பயிற்சியை இன்றைய விளையாட்டிலேயே பெறுங்கள்.