ராணுவ நிலத்தில் கட்டுமானமா? நீங்களும் கேட்கலாம்!

பாபநாசம் பக்கம் வயலில் நிற்கும்போது சுகோய் போர் விமானம் தலைக்கு மேல் போறதை நீங்க பார்த்திருக்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் இருந்த இடத்தில் உருவான தஞ்சாவூர் விமானப்படைத் தளம், 2013 மே 27-ல் தொடங்கி வைக்கப்பட்டது. 2020 ஜனவரி 20-ல் சுகோய்-30 படைப்பிரிவு இங்கே வந்தது. இதுபோன்ற இடங்களில் புதிய கட்டுமானம் வரும்போது, "மிலிட்டரி வேலை, நாம என்ன கேட்க முடியும்?" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால், கேட்க வழி இருக்கிறது.

கருத்துக் கேட்பு இல்லை, நிபந்தனை உண்டு

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, நாட்டின் பாதுகாப்புத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் இருந்து விலக்கு தருகிறது. அதற்காக எல்லா விதிகளும் விலகிவிடாது. சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்ட திட்டம் என்றால்:

• அனுமதியின் நகல் ஊராட்சி, பேரூராட்சி அலுவலகத்துக்கு வர வேண்டும். அங்கே 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.
• நிபந்தனைகளைப் பின்பற்றிய விவரத்தை 6 மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையாகத் தர வேண்டும். இது பொது ஆவணம். நீங்களும் நகல் கேட்கலாம்.
• அனுமதியே தவறு என்று கருதினால், 30 நாளுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தென் மண்டல அமர்வு சென்னையில் உள்ளது.

பாதுகாப்புத் திட்டத்துக்கும் "இல்லை" என்ற பதில் வந்தது உண்டு. அந்தமானின் நார்கொண்டம் தீவில் கடலோரக் காவல்படை ரேடார் அமைக்க, 2012-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. அங்கே மட்டுமே வாழும் இருவாச்சிப் பறவைதான் காரணம். 2014-ல் அனுமதி கிடைத்தது.

நிலம் எடுத்தால்?

2013 நில எடுப்புச் சட்டப்படி, முதல்நிலை அறிவிப்பு வந்த 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் எழுத்துமூலம் ஆட்சேபம் தரலாம். பாதுகாப்புக்காக 'அவசரப் பிரிவு' பயன்படுத்தினால் இந்த வாய்ப்பு குறையலாம். அப்போதும், நிலத்தைக் கையகப்படுத்தும் முன் மதிப்பிட்ட இழப்பீட்டில் 80 சதவீதம் தரப்பட வேண்டும்.

வாய்க்காலைக் கவனியுங்க

டெல்டாவில் ஒரு வாய்க்கால் தூர்ந்தால் மேலே தண்ணீர் தேங்கும், கடைமடை காயும். கட்டுமான மண் வாய்க்காலில் கொட்டப்பட்டால் சர்வே எண், தேதி குறிப்பிட்டு நீர்வளத் துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் மனு கொடுங்க.

பறவைகள்

மயிலைக் கொல்வது மட்டுமல்ல, பறவைகளின் முட்டையை அழிப்பதும் கூட்டைக் கலைப்பதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி 'வேட்டை'தான். இப்படி நடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்க.

நம்ம பங்கும் இருக்கு. விமானத் தளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் வகையில் குப்பை, இறைச்சிக் கழிவு கொட்டுவதை விமான விதிகளின் 91-வது விதி தடுக்கிறது. கழிவைத் தேடிப் பருந்து வந்து விமானத்தில் மோதினால், பறவைக்கும் விமானிக்கும் ஆபத்து.

மறக்காதீங்க

• தளத்துக்குள் படம் எடுக்கவோ, ட்ரோன் பறக்கவிடவோ வேண்டாம், சட்டப்படி குற்றமாகலாம்.
• மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்க.
• நேரில் போக முடியாதவர்கள் முதல்வரின் முகவரி உதவி எண் 1100-ஐ அழைக்கலாம்.