வில்லுக்கு மரப்பட்டைச் சட்டை போடுவார்கள்... தெரியுமா?

திருவண்ணாமலை ரமணாசிரம வாசலில் நின்றால் எதிரே ஓடுவது செங்கம் ரோடு. சாதுக்கள், ஆட்டோக்கள், இளநீர் வண்டி என்று எந்நேரமும் கலகலப்பு. அதே ரோட்டில் சுமார் 35 கிலோமீட்டர் போனால் செங்கம். அந்த வட்டாரத்தில் வில்லும் கையுமாக வீரர்கள் நூற்றாண்டுக் கணக்காக நிற்கிறார்கள், தெரியுமா? எல்லாம் நடுகற்கள்! ஊர் மாட்டை ஓட்டிப்போக வந்தவர்களோடு மோதி உயிர்விட்டவர்களுக்கு ஊரார் நட்டவை. பல்லவர் காலத்தவையே நிறைய. 1972-ல் தமிழகத் தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே வெளியிட்டது. எடுத்தனூர்க் கல்லில் கோவிவன் என்ற நாய்க்கும் இடம் உண்டு. இரண்டு திருடர்களைக் கடித்த வீர நாய்!

சரி, கல்லில் வில் இருக்கிறது. அவர்கள் கையில் பிடித்த மர வில் எங்கே? கரையானுக்கும் மழைக்கும் போயிருக்கும். வில்லுக்குப் பகைவனின் வாளைவிட ஈரம்தான் பெரிய எதிரி. அதற்குக் குளிர்நாட்டு வில்லாளிகள் கண்ட மருந்துதான் மரப்பட்டை!

வில்லை வளைத்தால் எய்பவனைப் பார்த்த பக்கம் நெரிபடும், மறுபக்கம் இழுபடும். இழுபடும் அந்த முதுகின் மேல்தான் பட்டையை ஒட்டுகிறார்கள். பெரும்பாலும் பூர்ஜ (பர்ச்) மரத்துப் பட்டை. சில இடங்களில் செர்ரி மரத்துப் பட்டை. வசந்தம் முடிந்து மரத்தில் சாறு ஏறும் பருவத்தில் பட்டை கழன்று வரும். அதைக் காகிதம்போல மெல்லிசாகப் பிரித்து, பசை தடவி, முதுகின்மேல் படிய வைத்து, துணியால் இறுகச் சுற்றி உலர விடுவார்கள். பிரித்துப் பார்த்தால் வெள்ளியும் பழுப்புமாக மின்னும் தோல், அதில் சின்னச் சின்னக் கோடுகள். யாரும் தூரிகையால் போட்ட கோடுகள் அல்ல, மரம் மூச்சுவிட்ட துளைகள்! பட்டையால் வில்லுக்கு வலு கூடுமா என்றால், சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அலங்காரமும் மழைக்கோட்டும்தான் அதன் வேலை.

கொரியாவின் கக்குங் வில்லைப் பாருங்கள். மூங்கில், எருமைக் கொம்பு, மாட்டு நரம்பு, இவற்றை ஒட்ட மீனின் காற்றுப்பையைக் காய்ச்சிய பசை. மீன் பசை நனைந்தால் இளகிவிடும், வில் கந்தல்! அதனால்தான் மேலே பூர்ஜ பட்டை. அலங்காரம் என்று நாம் ரசிப்பது அங்கே உயிர்காப்பு.

வில்லாளிக்கும் பூர்ஜ பட்டைக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. 1991-ல் ஆல்ப்ஸ் பனிக்கடியில் கிடைத்த 'பனி மனிதன்' ஏட்ஸியின் வயது 5,000 ஆண்டுகளுக்கு மேல். அவனோடு கிடைத்தது 1.82 மீட்டர் நீள, இன்னும் செதுக்கி முடிக்காத யூ மர வில். பக்கத்தில் பூர்ஜ பட்டையில் செய்த இரண்டு டப்பாக்கள். ஒன்றில் தணலை இலையில் சுற்றி எடுத்துப் போயிருக்கிறான். நெருப்பைப் பட்டை டப்பாவில்! அம்பு முனையை ஒட்டியதும் அதே பட்டையிலிருந்து வடித்த தார்தான்.

நம் இமயத்திலும் பூர்ஜ மரம் உண்டு. வடக்கே ஒரு காலத்தில் நூல் எழுதவும் அந்தப் பட்டைதான். 1881-ல் மண்ணிலிருந்து கிடைத்த பக்‌ஷாலி கணித ஏடு பூர்ஜ பட்டையில் எழுதியது. பூஜ்யத்துக்கு அதில் ஒரு புள்ளி!

திருவண்ணாமலைச் சூட்டில் பூர்ஜம் எங்கே வளரும்? நம் காட்டுப் பட்டைகளுக்கு வேறு பிழைப்பு. கருவேலம்பட்டையும் ஆவாரம்பட்டையும் தோல் பதனிடப் போயின. வெள்வேலம்பட்டை போன இடம் சாராயப் பானை; பட்டைச் சாராயம் என்ற பேர் அதனால் வந்ததுதான். ஆனால் வில் விஷயத்தில் நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வறண்ட குன்றுகளில் முளைக்கும் மருள் செடியின் நார், இந்தியாவில் பழங்காலத்திலேயே வில்லுக்கு நாணானது. இன்று அதே இனத்துச் செடியைத்தான் தொட்டியில் வைத்து வரவேற்பறையில் அழகு பார்க்கிறோம்!

ஆசை வந்து யாராவது வில் செய்யக் கிளம்பினால் ஒரு வார்த்தை. மரத்துக்குச் சாப்பாடு போகும் வழியே உள்பட்டைதான். சுற்றிலும் ஒரு வளையம் உரித்தால் போதும், பெரிய மரமும் நாளடைவில் பட்டுப்போகும். மாங்காய்க்காக மரத்தைக் கம்பால் அடித்தவர்களையே ரமணர் கடிந்துகொண்டிருக்கிறார். அதனால் கிரிவலப் பாதை மரங்களில் கைவைக்காதீர்கள். விழுந்த கிளையில் இருக்கும் பட்டையே உங்கள் வில்லுக்குத் தாராளம்.