"ஒன்றுமில்லை" என்று எழுந்து நடந்தவர்
தலையில் அடிபட்டால் முதல் சில மணி நேரத்தில் நாம் செய்ய வேண்டியவை

விடியற்காலை நேரம். சுபுஹுத் தொழுகைக்கு ஒளூச் செய்யக் கிணற்றடிக்குச் சென்ற பெரியவர், பாசி படிந்த தரையில் கால் வழுக்கி விழுகிறார். பின்னந்தலை சிமெண்டுத் தளத்தில் மோதுகிறது. வீட்டார் ஓடி வருமுன் தாமே எழுந்து விடுகிறார்.

"வாப்பா, டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து விடலாமே?" என்கிறார் மகள்.

"ஒன்றுமில்லையம்மா, லேசான அடிதான். தைலம் தேய்த்தால் சரியாகிவிடும்" என்கிறார் பெரியவர்.

எந்த இல்லத்திலும் நிகழக்கூடிய காட்சி இது. பெரும்பாலும் அவர் சொன்னது போலவே சரியாகியும் விடுகிறது. ஆனால் சிற்சில வேளைகளில் அந்த "ஒன்றுமில்லை" என்ற சொல்லே உயிருக்கு உலை வைத்து விடுகிறது. எப்போது அஞ்ச வேண்டும், எப்போது அமைதியாக இருக்கலாம் என்பதைக் குடும்பத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியம்.

உலகையே உலுக்கிய ஒரு மரணம்

2009 மார்ச் 16ஆம் நாள். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மோன் திரம்ப்ளான் என்னும் பனிமலை வாசஸ்தலம். பிரிட்டிஷ் நடிகை நத்தாஷா ரிச்சர்ட்சன் அங்கே பனிச்சறுக்குப் பழகிக் கொண்டிருந்தார். தொடக்க நிலையினர் பயிலும் எளிய சரிவுதான், தலைக்கவசம் அணியவில்லை. சறுக்கி விழுந்தவர் உடனே எழுந்தார், சிரித்துப் பேசினார். வெளிக்காயம் ஏதும் தென்படவில்லை. வந்த ஆம்புலன்ஸ் வேண்டாமென்று திருப்பி அனுப்பப்பட்டது.

இரண்டு மணி நேரம் கடந்தபின் கடுமையான தலைவலி தொடங்கியது. மீண்டும் ஆம்புலன்ஸ் அழைக்கப்பட்டு, ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்லப்பட்டார். காலம் கடந்து விட்டது. மார்ச் 18 அன்று நியூயார்க்கில் அவர் இறந்தபோது வயது 45. கபாலத்திற்கும் மூளையின் மேலுறைக்கும் இடையே ஏற்பட்ட இரத்தக் கசிவே காரணம் எனப் பிரேதப் பரிசோதனை கூறியது.

செல்வமும் புகழும் உடைய ஒருவருக்கே இந்த நிலை நேர்ந்தது. குறை பணத்திலோ மருத்துவத்திலோ இல்லை. இழந்த அந்த மணித்துளிகளில்தான் இருந்தது.

உள்ளே நடப்பது என்ன?

கபாலம் எலும்பாலான மூடிய பெட்டி. வயது வந்தோருக்கு அது விரிந்து கொடுக்காது. அதனுள் மூளையும் இரத்தமும் மூளைத் தண்டுவட நீரும் அளவோடு அடங்கியிருக்கின்றன. அங்கே இரத்தம் கசிந்து கட்டியானால், இடம் போதாமல் மூளை நசுங்கத் தொடங்குகிறது. கையில் அடிபட்டால் வீங்கும். வீக்கம் வெளியே தெரியும். மூளையின் வீக்கத்திற்கு வெளியேற வழியில்லை.

நெற்றிப்பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறம் ஒட்டியவாறு ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் கண்டு அத்தமனி கிழிந்தால் இரத்தம் வேகமாகச் சேரும். அடிபட்டவர் சிறிது நேரம் மயங்கித் தெளிந்து, நன்றாகப் பேசி, உணவும் உண்டு, பிறகு திடீரெனச் சாய்ந்து விடுவார். இடையில் வரும் அந்தத் தெளிவான நேரம்தான் நம்மை ஏமாற்றுவது.

மற்றொரு வகையில் சிறு சிரைகள் கிழிந்து இரத்தம் மெதுவாக ஊறும். முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால் இச்சிரைகள் இழுபட்ட நிலையில் இருக்கும். இலேசான அடியே போதும். வாரங்கள் சென்றபின் பெரியவர் தடுமாறி நடப்பார், பெயர்களை மறப்பார், பகலெல்லாம் உறங்குவார். "வயதாகி விட்டது" என்று நாம் விட்டுவிடுகிறோம். கபாலத்தில் சிறு துளையிட்டு அந்த இரத்தத்தை வெளியேற்றினால் பழைய நிலைக்குத் திரும்பியோர் பலர்.

அபாய அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தாமதியாது, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

• சிறிது நேரமேனும் நினைவிழத்தல், நடந்ததை மறத்தல்
• ஒரு முறைக்கு மேல் வாந்தி
• கூடிக்கொண்டே போகும் தலைவலி
• வலிப்பு
• பேச்சுக் குழறல், குழப்பம், வழக்கத்திற்கு மாறான கோபம் அல்லது உறக்கம்
• ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தோன்றுதல்
• ஒரு பக்கக் கை கால் தளர்தல்
• காது, மூக்கிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல்
• கண்களைச் சுற்றியோ காதின் பின்னோ கருநீலம் படர்தல். இது கபால அடித்தள முறிவைக் காட்டும். சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம்.

65 வயதைக் கடந்தோரும், வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும் அறிகுறி ஏதுமின்றியே மருத்துவரைக் காண்பது நல்லது. கைக்குழந்தையால் வலியைச் சொல்ல இயலாது. தொட்டிலிலிருந்தோ கட்டிலிலிருந்தோ விழுந்த குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், ஓயாது அழுதாலும், அழாமல் துவண்டு கிடந்தாலும், உச்சிக்குழி புடைத்தாலும் காத்திருக்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

முதலில் 108ஐ அழையுங்கள். தமிழகத்தில் 2008 முதல் இயங்கி வரும் இந்த ஆம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. அடிபட்ட நேரத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி அதுவே.

தலையில் பலத்த அடி என்றால் கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம். எனவே அடிபட்டவரைப் பிடித்து உலுக்குவதும், தூக்கி உட்கார வைப்பதும், ஆட்டோவில் மடக்கித் திணிப்பதும் தவறு. ஒருவர் இரு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக் கொள்ள வேண்டும். வாந்தி வந்தால் தலை, கழுத்து, உடல் மூன்றையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, இரண்டு மூன்று பேர் சேர்ந்து பக்கவாட்டில் புரட்டுங்கள். இல்லையேல் வாந்தி மூச்சுக் குழலை அடைத்துவிடும். மூச்சு நின்றிருந்தால் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முறையை உடனே தொடங்க வேண்டும்.

இரத்தம் வழிந்தால் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். எலும்பு உள்வாங்கியிருந்தால் அழுத்தாது, மேலே துணியை மட்டும் சுற்றுங்கள். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள். காதில் பஞ்சு அடைக்காதீர்கள். தலைக்கவசம் மூச்சைத் தடுக்காதவரை அதனைக் கழற்ற முயலாதீர்கள்.

காப்பித்தூள், மஞ்சள் முதலியவற்றைக் காயத்தில் அப்பும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். சோடாவோ தண்ணீரோ புகட்டுவதும் ஆபத்து. மயங்கியவரின் தொண்டையில் நீர் நுரையீரலுக்குச் சென்றுவிடும்.

மருத்துவமனையில்

மருத்துவர் முதலில் பார்ப்பது தலைக்காயத்தை அன்று. மூச்சையும் இரத்த ஓட்டத்தையும்தான். பிராணவாயு குறைந்தாலோ இரத்த அழுத்தம் வீழ்ந்தாலோ, அடிபட்ட மூளை இரண்டாம் முறை அடிபடுகிறது. கடுந்தலைக்காயமுற்றோரில், ஒரு முறை அழுத்தம் வெகுவாகத் தாழ்ந்தாலும் இறப்போர் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்காவதை 1993இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

அடுத்து நினைவின் அளவை மதிப்பிடுவர். 1974இல் கிளாஸ்கோ நகரின் கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் ஆகிய இருவரும் வகுத்த அளவுகோல் இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6. ஆக மொத்தம் 15. மிகக் குறைந்தது 3. மதிப்பெண் 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மூச்சுக் குழலில் குழாய் செலுத்துவர்.

சாதாரண எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். உள்ளே கசியும் இரத்தத்தைக் காட்டாது. 1971இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்த சி.டி. ஸ்கேன்தான் அதனைக் காட்டும். இதனை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது.

மருத்துவம் தன் பிழைகளைத் தானே திருத்திக் கொள்கிறது. மூளை வீக்கத்திற்குப் பல ஆண்டுகள் கொடுத்து வந்த ஸ்டீராய்டு மருந்து நன்மைக்குப் பதில் இறப்பைக் கூட்டுகிறது என்பதைப் பதினாயிரம் பேரிடம் நடத்திய ஆய்வு 2004இல் வெளிப்படுத்தியது. மாறாக, விலை மலிவான டிரானெக்சாமிக் அமிலத்தை மூன்று மணி நேரத்திற்குள் செலுத்தினால், இலேசான, நடுத்தரத் தலைக்காயங்களில் இறப்பு குறைகிறது என 2019இல் வெளியான ஆய்வு கூறியது. இங்கும் நேரமே உயிர்.

வீடு திரும்பிய பின்

ஸ்கேன் நன்றாக இருந்தாலும் முதல் 24 மணி நேரம் பொறுப்புள்ள ஒருவர் உடனிருக்க வேண்டும். "உறங்கவே விடக்கூடாது" என்பது பழைய எண்ணம். மருத்துவர் பார்த்து அனுப்பியபின் உறங்கலாம். அவர் சொன்ன இடைவெளியில் எழுப்பிப் பெயரையும் இடத்தையும் கேட்டுப் பார்த்தால் போதும். ஓரிரு நாள் ஓய்வு தேவை. முற்றிலும் குணமாகும்வரை பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்பக்கூடாது. மறதி, எரிச்சல், தலைவலி ஆகியவை சில வாரங்கள் நீடிக்கலாம். வீட்டார் பொறுமை காக்க வேண்டும்.

வருமுன் காப்போம்

தரமான தலைக்கவசம் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது. பின்னால் ஒருக்களித்து அமர்ந்து, மடியில் குழந்தையுடன், தலைக்கவசமின்றிச் செல்லும் நம் பெண்மணிகளை எண்ணிப் பாருங்கள். துப்பட்டாவும் புர்காவின் நுனியும் சக்கரத்தில் சிக்காதபடி செருகிக் கொள்வதும் அவசியம். கிணற்றடியிலும் குளியலறையிலும் பாசியைத் தேய்த்துக் கழுவி, பெரியவர்கள் பிடித்துக் கொள்ள ஒரு கம்பியைப் பொருத்தி வைப்பது பெருஞ்செலவன்று.

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டு, வழக்கு வருமோ என்றஞ்சி ஒதுங்கிச் செல்ல வேண்டியதில்லை. நல்லெண்ணத்துடன் உதவுபவருக்கு 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. தமிழகத்தில் சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021இல் தொடங்கப்பட்டது.

கிணற்றடியில் விழுந்த அந்தப் பெரியவரிடம் திரும்புவோம். "ஒன்றுமில்லை" என்று அவர் சொல்லத்தான் செய்வார்; பிள்ளைகளுக்குச் சிரமம் வேண்டாமே என்று நினைப்பார். மகள் அதைக் கேட்டு அடங்கிவிடக் கூடாது. "ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லட்டும் வாப்பா" என்று கையைப் பற்றி அழைத்துச் செல்ல வேண்டும். ஒன்றுமில்லையானால் அரை நாள் அலைச்சலோடு போயிற்று. ஏதேனும் இருந்தால், அந்த அரை நாளே அவருடைய ஆயுள்.