மிளகாய் அரைத்த தியரி

சீட்டுப் பணத்தோடு கம்பி நீட்டிய நண்பனை நினைத்து, ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்தேன். நீதிக்கல்லில் பூசினால் நியாயம் கிடைக்குமாம்!

மதம்தான் மனிதர்களை ஒன்றாகக் கட்டிப்போடுகிறது என்று 1912-லேயே எழுதினார் சமூகவியல் மேதை துர்கைம். சரிதான். பக்கத்து அம்மியிலிருந்த அம்மா, "ஏனுங்க தம்பி, ஏமாத்திப்போட்டாங்களா?" என்று சட்டென உறவாகிவிட்டார். மார்க்ஸ் கண்ணால் பார்த்தால், கோர்ட்டுக்குப் போகக் காசில்லாதவனுக்கு அம்மிதான் வக்கீல்! அமெரிக்கரான டபிள்யூ.ஐ. தாமஸ் 1928-ல் சொன்னது வேறு: ஒன்றை நிஜமென்று ஜனங்கள் நம்பிவிட்டால், அதன் விளைவும் நிஜமாகிவிடும்.

மறுவாரம் நண்பன் வந்தான், பாதிப் பணத்தோடு. "மொளகா அரைச்சியாமா... எங்கம்மா ரெண்டு நாளா சோறே திங்கலடா!"

எனக்குத்தான் கண் எரிந்தது.